திறக்காத பிளாப்பி எல்லாம் கெட்டுப்போன பிளாப்பி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பொருட்களைக் கழித்துக்கட்டுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், பிளாப்பிகளை (பழைய கணினிகளில் தகவலைச் சேமித்த காந்த வட்டுகளை) யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணைக்கும் பிளாப்பி டிரைவில் போட்டுப் பார்த்து, திறக்காதவற்றைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இதற்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். எண்பதுகளின் வீட்டுக் கணினிகளோடு நெடுநாளாகப் பழகி வருபவன் நான். திறக்கவில்லை என்பது வேறு, கெட்டுவிட்டது என்பது வேறு.

அந்த யூஎஸ்பி டிரைவுக்குத் தெரிந்ததெல்லாம் பிசி எழுதும் முறைதான். அதே 3.5 அங்குல உறைக்குள் இருக்கும், எண்பதுகளின் வீட்டுக் கணினியான அமிகாவின் பிளாப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாப்பியில் தகவல் ட்ராக் எனும் வட்டப் பாதைகளில், செக்டார் எனும் சிறு துண்டுகளாகப் பதியும். 720 கேபி பிளாப்பியில் பிசி ஒரு ட்ராக்குக்கு 9 செக்டார் எழுதும். செக்டார்களுக்கு நடுவே இடைவெளி விடும். அமிகாவோ 11 செக்டார்களை இடைவெளியே இல்லாமல் ஒரே மூச்சில் எழுதி, 880 கேபியை அடக்கிவிடும். பிசி முறையில் தேடும் டிரைவுக்கு அதில் எதுவும் அகப்படாது. வட்டை வாசிக்கும் முனையான ஹெட் டர்ர் டர்ரென்று முன்னும் பின்னும் அலையும். பிறகு திரையில் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். அதற்கு மட்டும் 'ஆம்' என்று சொல்லிவிடாதீர்கள்!

மற்றக் கணினிகளும் தத்தம் முறையில்தான் எழுதின. கொமடோர் 64 வீட்டுக் கணினியின் 5.25 அங்குல 1541 டிரைவ் வெளி ட்ராக்குகளில் 21 செக்டாரும் உள் ட்ராக்குகளில் 17 செக்டாரும் எழுதும். பழைய 800 கேபி மேக்கின்டாஷ் டிரைவ் ட்ராக்குக்குத் தகுந்தபடி சுழலும் வேகத்தையே மாற்றிக்கொள்ளும். எம்எஸ்எக்ஸ் வகை வீட்டுக் கணினிகளின் 720 கேபி பிளாப்பி மட்டும் பெரும்பாலும் பிசியிலேயே சிரமமின்றித் திறக்கும்.

இவற்றை வாசிக்க இன்று வழி இருக்கிறது. கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ் போன்ற சிறிய பலகைகளைப் பழைய பிசி டிரைவோடு இணைத்தால், அவை செக்டாரைத் தேடுவதில்லை. காந்தப்புலம் எந்தெந்த நொடித்துளியில் திசை மாறுகிறது என்பதை அப்படியே பதிவு செய்துகொள்ளும். எந்தக் கணினி எழுதியது என்பதைப் பிறகு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985-இல் அமிகாவில் வரைந்த படங்கள் பிளாப்பிகளிலிருந்து மீட்கப்பட்ட செய்தி 2014-இல் வெளியானது. என் நண்பர் ஒருவர் தூக்கிப்போட இருந்த அமிகா பிளாப்பியின் லேபிளில் பென்சிலால் எழுதிய இரண்டு எழுத்துகள் மட்டுமே இருந்தன. 160 ட்ராக்குகளில் இரண்டைத் தவிர மற்ற எல்லாம் சுத்தமாக வந்தன. உள்ளே இருந்தவை, நண்பரின் மறைந்த அக்கா மெட்டமைத்த பாடல்கள். நண்பர் அவற்றைக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

டிரைவில் போடும் முன், தவறியும் எதுவும் மேலே எழுதப்படாதபடி எழுத்துத் தடை செய்துவிடுங்கள். 5.25 அங்குலத்தில் ஓரத்து வெட்டை ஒட்டி மூட வேண்டும், 3.5 அங்குலத்தில் நேர்மாறாக, மூலையில் உள்ள சிறு துளையைத் திறந்து வைக்க வேண்டும். வட்டின் மேல் பூஞ்சை தெரிந்தால் சுத்தம் செய்யாமல் உள்ளே தள்ளவே கூடாது. வட்டிலும் கீறல் விழும், ஹெட்டும் அழுக்காகி அடுத்த பிளாப்பியையும் கெடுக்கும்.

மீட்டதைப் பழைய கணினிக்காக மீண்டும் பிளாப்பியில் எழுதுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 5.25 அங்குல பிளாப்பிக்கான 1.2 எம்பி டிரைவின் ஹெட் குறுகலானது. ஏற்கெனவே பயன்படுத்திய 360 கேபி பிளாப்பியில் அது எழுதும்போது, அகலமான பழைய ட்ராக்கின் ஓரங்கள் அழியாமல் நிற்கும். 360 கேபி பிளாப்பிக்கான 40 ட்ராக் டிரைவின் அகன்ற ஹெட் பழையதையும் புதியதையும் சேர்த்து வாசித்துத் திணறும். 40 ட்ராக் டிரைவிலேயே எழுதுங்கள். அது இல்லையென்றால், காந்தத்தால் முழுவதும் அழித்த பிளாப்பியில் எழுதுங்கள். மூலப் பிளாப்பியில் மட்டும் எக்காரணம் கொண்டும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்