ஞாயிறு கூட்டம்: புலம்பெயர்ந்த அரபுப் பெண்கள் பற்றி

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மாலை 5 மணி பேச்சில் அமெரிக்காவுக்குக் குடியேறிய அரபுப் பெண்களையும் அவர்களின் மகள்களையும் எடுத்துக்கொள்கிறோம். மகளிர் தினத்தில் வாழ்த்துப் படம் போட்டு முடித்துக்கொள்கிற மாதிரி இல்லாமல், யார் என்ன செய்தார்கள் என்று பேசலாம்.

நான் பேசப்போவது பஸ்மா அத்வே பற்றி. பாலஸ்தீனத்திலிருந்து வந்தவர். 2001இல் புரூக்ளினின் பே ரிட்ஜ் பகுதியில் நியூயார்க் அரபு அமெரிக்கர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதே ஆண்டு செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்தத் தெருக்களில் இருந்த பயத்தை யோசித்துப் பாருங்கள், சங்கத்தின் வேலை எவ்வளவு கூடியிருக்கும் என்று புரியும். 2005இல் டியர்போர்ன் நகரில் அரபு அமெரிக்க அருங்காட்சியகத்தின் தொடக்க விழாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சாலை விபத்தில் இறந்துவிட்டார். அவர் வளர்த்துவிட்ட லிண்டா சர்சூர், அப்போது 25 வயது, சங்கத்தை ஏற்று நடத்தினார். நியூயார்க் அரசுப் பள்ளிகளுக்கு ஈத் விடுமுறை கேட்டுப் பல அமைப்புகள் சேர்ந்து போராடின, அதில் லிண்டாவும் உண்டு. 2015இல் கிடைத்தது. (பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு வாங்க இத்தனை வருஷம்!)

அப்புறம் ரஷீதா தலீப், பாலஸ்தீனத்திலிருந்து குடியேறியவர்களின் மகள். 2019 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகப் பதவியேற்க, கைத்தையல் பூவேலை நிறைந்த பாலஸ்தீன தோப் அங்கியில் வந்தார். நம் வீடுகளில் போடும் கிராஸ் ஸ்டிச் தையல்தான் அதிலும். தையல் தெரிந்தவர்கள் அந்த நாள் படத்தை இணையத்தில் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வருபவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில்லை.