சுவெட்டன்ஹாம்: பதவிகளைக் குழப்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலாயாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் காலனி அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமைப் பற்றி எழுதுபவர்கள் பலர் ரெசிடெண்ட், தலைமை ரெசிடெண்ட், கவர்னர் மூன்றையும் ஒரே பதவியாக எழுதிவிடுகிறார்கள். மூன்றும் வேறு. 1882-இல் சிலாங்கூர் ரெசிடெண்ட், 1889-இல் பேராக் ரெசிடெண்ட். ரெசிடெண்ட் என்றால் ஒரு மாநிலத்தில் ஒரு சுல்தானுக்கு ஆலோசகராக அமர்த்தப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி. 1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் இணைந்தபோதுதான் கோலாலம்பூரில் அமர்ந்த முதல் தலைமை ரெசிடெண்ட் ஆனார். 1901 முதல் 1904 வரை நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் உள்ளிட்ட பிரிட்டிஷ் காலனி) கவர்னர், அது சிங்கப்பூரில். ஆண்டைச் சரிபார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அவருடைய ‘பிரிட்டிஷ் மலாயா’ என்ற வரலாற்று நூல் 1906-இல், ஓய்வுபெற்ற பிறகு வந்தது. மாணவர்களுக்கு அதைக் கொடுக்கும் ஆசிரியர்கள் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1875 நவம்பர் 2-இல் பேராக்கின் பாசிர் சாலாக்கில் அம்மாநிலத்தின் முதல் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டபோது பேராக் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து படகில் தப்பி வந்த 25 வயது அதிகாரி சுவெட்டன்ஹாம்தான். தாமே ஒரு தரப்பாக இருந்த பூசலைத் தாமே வரலாறாக எழுதியிருக்கிறார். பர்ச்சின் கொலைக்குத் தலைமை தாங்கிய மலாய்த் தலைவர் மகாராஜா லேலாவின் தரப்பை அதில் தேடுவது வீண். ரெசிடெண்டுகளின் ஆண்டறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அவர் பெயரால் நம் பாட்டிமார் இன்னும் ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ என்றே சொல்லும் துறைமுகம், 1972-இல்தான் கிள்ளான் துறைமுகம் ஆனது.

அன்புடன்,
வாசகர், சுங்கை சிப்புட்