பேர் சொல்லாத அம்மா

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். மாடிக்குத் தளம் போட்டாயிற்று, கடன்தான் பாக்கி.

நல்ல படமாக ஒன்று சொல் என்று கேட்டிருந்தாய். 2010இல் வந்த 'இல்லீகல்' என்கிற பெல்ஜியப் படத்தைப் பார். இயக்கம் ஒலிவியே மாசே-தெபாஸ். அம்மா படம் என்றதும் அழுது தீர்க்கிற கதை என்று நினைத்துவிடாதே. தான்யா ரஷ்யாக்காரி. விசா, குடியுரிமை எதுவும் இல்லாமல் மகனோடு எட்டு வருடமாக அங்கே ஒளிந்து வாழ்கிறாள். ஒருநாள் போலீஸ் மடக்குகிறது. பையன் ஓடிவிடுகிறான், இவள் தடுப்பு முகாமுக்குள் போகிறாள்.

உள்ளே அவளிடம் இருக்கிற ஒரே ஆயுதம், பேரைச் சொல்லாமல் இருப்பது. ஆள் யார், எந்த ஊர் என்று தெரியாமல் எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள்? படத்தின் தொடக்கத்திலேயே தன் விரல் நுனிகளைத் தானே சுட்டுக்கொள்கிறாள், ரேகை அழியட்டும் என்று. எனக்கு உள்ளங்கையெல்லாம் கூசிப்போயிற்று. ஐரோப்பாவில் தஞ்சம் கேட்பவர்களின் ரேகைகளை 2003 முதல் 'யூரோடாக்' என்ற பொதுப் பதிவில் சேர்த்து வைக்கிறார்கள். வேறு நாட்டில் ஏற்கெனவே ரேகை பதிவாகியிருந்தால், பெரும்பாலும் அங்கேயே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். விரலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விமானக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். வலுக்கட்டாயமாக ஏற்றியதும் அவள் கத்துகிறாள். பயணிகள் எதிர்ப்புக் காட்டுகிறார்கள், கடைசியில் இறக்கிவிடுகிறார்கள். மிகையாகத் தோன்றலாம். ஆனால் 1998 செப்டம்பரில் செமிரா அடாமு என்ற இருபது வயது நைஜீரியப் பெண்ணை பிரஸ்ஸல்ஸில் இப்படித்தான் விமானத்தில் ஏற்றினார்கள். அதற்கு முன் பலமுறை ஏற்றப் பார்த்தும் அவள் மசியவில்லை. அன்று போலீஸ்காரர்கள் அவள் முகத்தைத் தலையணையில் அழுத்திப் பிடித்தார்கள், மூச்சு முட்டிச் செத்துப்போனாள். உள்துறை அமைச்சர் லூயி தோபாக் பதவி விலக வேண்டிவந்தது. அது தெரிந்தபின் அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

காவல் காக்கிறவர்கள் எல்லாரையும் ராட்சசர்களாகக் காட்டவில்லை, அது பிடித்தது. கடைசிப் பகுதியில் மட்டும் கொஞ்சம் சினிமாத்தனம். இருந்தாலும் தான்யாவாக வரும் அன் கோசன்ஸின் நடிப்பு அதையும் தாங்கிவிடுகிறது.

சரி, பவானி கல்யாணத்துக்கு நீ வருகிறாயா இல்லையா? ரயிலுக்கு இப்போதே முன்பதிவு செய்துவிடு, அப்புறம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று கதை சொல்லாதே.

அன்புடன்,
கமலா