வரைந்தவரிடம் யார் கேட்டார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை ரசிகர்களே மொழிபெயர்த்து இணையத்தில் ஏற்றும் 'ஸ்கேன்லேஷன்' பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிற மொழியில் வெளியிட எந்தப் பதிப்பகமும் உரிமம் வாங்காத தொடர் என்றால் இதில் தவறில்லை என்று போகிற போக்கில் அதில் எழுதியிருந்தார்கள். அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

மொழிபெயர்க்கும் உரிமை படைப்பாளிக்கே என்கிறது பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு. ஜப்பான், இந்தியா இரண்டுமே அதில் உறுப்பு நாடுகள். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. வெளியிட ஆள் இல்லை என்பதால் ஒரு தொடர் புறம்போக்கு நிலமாகிவிடாது. ஆங்கிலப் பதிப்பு அறிவிக்கப்பட்டதும் பக்கங்களை நீக்கிவிடுவது ரசிகர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட மரியாதை. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

அந்த மரியாதையை நான் குறைத்துப் பேசவில்லை. சண்டைக் காட்சியின் குறுக்கே பெரிதாகத் தீட்டப்பட்ட ஜப்பானிய ஓசை எழுத்துகளை அழித்து, அடியில் மறைந்துபோன சட்டை மடிப்பையும் சுவர்க் கோடுகளையும் ஊகித்து மறுபடி வரைய வேண்டும். அதன் பிறகுதான் பலூனுக்குள் வசனம். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. ஆகவே, ஒரு குழு துடைத்துவைத்த பக்கத்தை இன்னொரு குழு கேட்காமல் எடுத்துவிட்டால் ரகளைதான். அவர்களுடைய ஆங்கிலத்திலிருந்து வேறு மொழிக்குக் கொண்டுபோவதானாலும் அனுமதி கேட்க வேண்டும், பெயர் போட வேண்டும். நியாயம்தான். ஆனால், ஆளாளுக்கு அனுமதி கேட்டுக்கொள்ளும் இந்த வட்டத்தில் வரைந்தவரிடம் மட்டும் ஒருவரும் கேட்பதில்லை!

ஆங்கிலப் புத்தகத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில் இதற்கு ஏதாவது சமாதானம் சொல்ல முடிந்தது. 2019 ஜனவரியில் ஜப்பானின் ஷூயெய்ஷா பதிப்பகம் 'மங்கா பிளஸ்' என்ற இணையச் சேவையைத் தொடங்கியபின், அதன் முக்கியத் தொடர்களின் புதிய அத்தியாயத்தை ஜப்பானில் வெளியாகும்போதே ஆங்கிலத்தில் இலவசமாகப் படிக்க முடிகிறது. அப்படியும் இந்தத் தொடர்களைத் தாங்கி ஜப்பானில் திங்கட்கிழமை கடைக்கு வர வேண்டிய வார இதழின் பக்கங்கள் சில நாள் முன்னதாகவே கசிகின்றன. இப்படிப் பக்கங்களைக் கசியவிட்டதற்காக 2024 பிப்ரவரியில் ஜப்பானின் குமமோட்டோ மாகாணக் காவல்துறை கைது நடவடிக்கைவரை போயிற்று. முந்தித் தரும் அவசரத்துக்கும் மொழிபெயர்ப்பு ஆர்வத்துக்கும் என்ன சம்பந்தம்?

எந்தப் பதிப்பகமும் எட்டிப் பார்க்காத சிறு தொடர்கள், அச்சில் இல்லாத பழைய தொடர்கள் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருக்க மாட்டேன். அவற்றுக்கு வாசகர்கள் உண்டு என்று காட்டிக்கொடுப்பதே பல சமயம் ரசிகர்கள்தான். ஆனால் அங்கேயும் காசு நுழையக் கூடாது. நன்கொடை தந்தவர்களுக்கு அடுத்த அத்தியாயம் முதலில் என்று அறிவிக்கும் குழு, ஊரார் சரக்கை விற்கிறது. உழைப்பு தன்னுடையது என்ற வாதம் அந்த இடத்தில் எடுபடாது.

தாய், வியட்நாமிய மொழிகளிலும் படிக்கக் கிடைக்கும் மங்கா பிளஸ் தமிழில் இல்லை என்பது எனக்கும் குறைதான். சிவகாசியிலிருந்து லயன் - முத்து காமிக்ஸ் முறையாக உரிமம் பெற்று டெக்ஸ் வில்லர் என்ற இத்தாலியக் காமிக்ஸ் தொடரைத் தமிழில் தருகிறது. மங்காவும் அதே வழியில் வரலாம். தமிழில் வேண்டும் என்பவர்கள் இங்குள்ள பதிப்பகங்களுக்கும் டோக்கியோவிலுள்ள மங்கா பதிப்பகங்களுக்கும் எழுதிக் கேட்கட்டும். அந்த முகவரிகளைத் தங்கள் இதழிலேயே வெளியிட்டால் என் கடிதம் முதலாவதாகப் போகும்.

இப்படிக்கு,
காமிக்ஸ் வாசகி ஒருவர்,
திண்டுக்கல்.