பதில் சொன்னவர்களுக்கு முடிவையும் சொல்லுங்கள்

வளர்ச்சித் திட்டங்களுக்கு நிதி தரும் நிறுவனங்களுக்கும், அவற்றை மதிப்பிடப் பணிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போகும் வேலையைப் பல ஆண்டுகள் செய்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "போன தடவையும் வந்து கேட்டீங்களே, அதுல என்ன தெரிஞ்சது?" எனக்குப் பதில் தெரியவில்லை. வேலையை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசியவர் அவர். அறிக்கை உங்களுக்கு வந்தது, அவருக்குப் போகவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

அவர் ஊரின் குடிநீர்த் திட்டத்தை மதிப்பிட நாங்கள் குழாய்களை எண்ணினோம். அவரோ தண்ணீருக்காக இரவில் விழித்திருந்த நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். குழாய்க் கணக்கில் திட்டம் வெற்றி. எதை எண்ணுவது என்று முடிவு செய்த இடத்தில் அவர் இருந்திருந்தால்?

திட்டங்களை மதிப்பிட உங்களில் பலர் பின்பற்றும், ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வளர்ச்சி உதவிக் குழுவின் அளவுகோல்கள் 1991-இல் ஐந்தாக இருந்தன, 2019-இல் ஆறாயின. இலக்கை எட்டியதா என்று பார்க்கும்போதே, வெவ்வேறு பிரிவினருக்குக் கிடைத்த பலனில் வேறுபாடு உண்டா என்றும் பார்க்க வேண்டும் என்று 2019 விளக்கம் சொல்கிறது. ஆனாலும் நான் கண்ட அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு சராசரிதான் இருந்தது. யாருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பது அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடுகிறது.

மாற்றுத்திறனாளிகள் விஷயமும் அப்படித்தான். மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக ஐ.நா.வின் கீழ் அமைந்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பேசிப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று கேட்கின்றன. எளிய கேள்விகள்தான். சரி, யாரிடம் கேட்கிறோம்? பெரும்பாலும் குடும்பத் தலைவரிடம். காது கேளாத மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சைகை மொழி தெரிந்தவரை அழைத்துப்போக எங்களிடம் பணமும் இருக்காது, நாளும் இருக்காது.

யாரிடம், எத்தனை நாளில், எவ்வளவு செலவில் கேட்பது என்பதை வகுப்பது உங்கள் பணி வரையறை ஆவணம்தான், அதாவது மதிப்பீட்டு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதித் தரும் ஆவணம். பத்து நாளில் களப்பணி முடிய வேண்டும் என்று அதில் எழுதினால், சாலையோரத்து வீடுகளோடு கணக்கெடுப்பு நின்றுவிடும்.

அடுத்த ஆவணத்தில் கையெழுத்திடும் முன் மூன்று செலவுகளைச் சேருங்கள்: எதை அளப்பது என்ற குறியீடுகளை முடிவு செய்யும் முன் மக்களோடு உட்காரும் நாட்கள், மொழிபெயர்ப்பாளரும் சைகை மொழியாளரும், அப்புறம் முடிவுகளை அவர்கள் மொழியிலேயே சொல்லி "இது சரிதானா?" என்று கேட்கும் கூட்டம். அவர்கள் தவறு என்று சொன்னால், அதுவும் அறிக்கையில் வரட்டும்.

நம்பிக்கையுடன்,
ஒரு களப்பணியாளர்