தமிழையாவுக்கு ஒரு கடிதம்: மாம்பழக் கூடையும் ஆங்கிலத் தொடரும்

ஏற்காடு,
சித்திரை மாதம், ஞாயிறு

அன்புள்ள தமிழையா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, காலையில் கோட்டை மாரியம்மன் கோயில் வரை மீண்டும் நடந்து போய் வருகிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே இரண்டு முறை நல்ல மழை பெய்து காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து ஓய்ந்துவிட்டன. தாங்கள் பேருந்தில் கொடுத்தனுப்பிய மாம்பழக் கூடையும் நசுங்காமல் வந்து சேர்ந்தது. அந்தக் கூடையே இந்தக் கடிதத்துக்குத் தொடக்கமாக அமைந்துவிட்டது.

ஆங்கில முதுகலையில் சேர்ந்திருக்கும் தங்கள் பேத்தியின் பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழ் மரமாக வரைந்திருக்கிறார்கள் என்றும், அது எதற்காக என்று நன்னூல் படித்தவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில் இத்தனை ஆண்டுகள் இலக்கணம் நடத்தியும் இதைப் பற்றி நாம் ஒரு நாளும் உட்கார்ந்து பேசவில்லையே என்ற ஏக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மாலையில் என்னிடம் படிக்க வரும் தோட்டத்துப் பிள்ளைகளிடம், வந்த கூடையைக் காட்டி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஆறு பேரில் நால்வர் 'தி பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி' என்று எழுதினார்கள். கூடை ஒன்றுதான், எனவே 'இஸ்' வர வேண்டும். பணியில் இருந்த காலம் முழுவதும் இந்தப் பிழையைச் சிவப்பு மையால் சுழித்துத் திருத்தினேனே தவிர, பிள்ளைகள் ஏன் இங்கே தவறுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்ததில்லை. தமிழில் அதே செய்தியை 'மாம்பழக் கூடை கனமாக இருக்கிறது' என்கிறோம். இந்தத் தொடரில் முதன்மையான சொல் கூடை. அது தொடரின் கடைசியில், பயனிலையின் பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்திலோ அந்தத் தலைச்சொல் முதலில் வந்துவிட, மாம்பழங்கள் அதற்கும் வினைக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பெயர்த்தொடரின் கடைசிச் சொல்லே அதன் தலைச்சொல் என்று நம் மொழி பழக்கிய கண், நடுவில் உள்ள பன்மையைப் பார்த்துவிட்டு 'ஆர்' என்று எழுதிவிடுகிறது. பிள்ளையின் கவனக்குறைவு என்று நான் எண்ணியிருந்தது, இரு மொழிகளின் அமைப்பு வேறுபாட்டிலிருந்தும் பிறந்திருக்கலாம்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலத் தொடரியலில் பாதி விளங்கிவிடும். நமக்கு 'வீட்டில்'; அவர்களுக்கு 'இல்' என்பதற்குரிய 'இன்' முன்னால், வீடு பின்னால். நமக்கு 'வீட்டைப் பார்த்தான்'. அவர்களுக்குப் பார்த்தல் முன்னால், வீடு பின்னால். 'நேற்று வந்த மனிதர்' என்று நாம் பெயரெச்சத்தை முன்வைப்போம். அவர்கள் மனிதரை முதலில் நிறுத்தி, 'ஹூ கேம் யெஸ்டர்டே' என்ற விளக்கத்தைப் பின்னால் தொங்கவிடுவார்கள். 'அவன் வந்தான் என்று' என்பதில் நமக்கு இறுதியில் வரும் 'என்று' அவர்களுக்கு 'தட்' என்று தொடக்கத்திலேயே வந்துவிடும். கண்ணாடியில் தெரியும் உருவம் போல எல்லாம் இடம்வலமாக மாறியிருக்கின்றன. வினை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மற்ற உறுப்புகளின் வரிசையும் பெரும்பாலும் அமைகிறது என்பதை 30 மொழிகளை ஒப்பிட்டு 1963-இல் வெளிவந்த கட்டுரையில் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் எடுத்துக் காட்டினார். ஆனால் 'பெரிய வீடு' போன்ற பெயரடைத் தொடர்கள் இரு மொழியிலும் ஒரே வரிசையில் இருக்கின்றன. கண்ணாடி முழுமையானது அன்று என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

தாங்கள் வேற்றுமையியல் நடத்தும்போது எனக்கு அடுத்த அறையில் கேட்கும் ஓர் எடுத்துக்காட்டு நினைவிருக்கிறது: 'நாய் நரியைத் துரத்தியது', 'நரியை நாய் துரத்தியது' இரண்டும் ஒன்றே. 'ஐ' உருபு இருப்பதால் நரி எங்கே நின்றாலும் நரிதான் ஓடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை இடம் மாற்றினால் நரி நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். அங்கே இடமே உருபு. ஆனால் ஆங்கிலமும் தொடக்கத்திலிருந்தே அப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஈறு ஏற்றன. பின்வந்த சில நூற்றாண்டுகளில் அந்த ஈறுகள் தேய்ந்துபோக, சொற்களின் வரிசை இறுகிவிட்டது. 'ஹி', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர்களில் பழைய வேற்றுமையின் தடம் இன்னும் தெளிவாக நிற்கிறது. முற்கால ஆங்கிலத்தில் 'மீதிங்க்ஸ்' என்று ஒரு வடிவம் உண்டு. அதிலுள்ள 'மீ' எழுவாய் இல்லை, நான்காம் வேற்றுமை. நம்முடைய 'எனக்குத் தோன்றுகிறது' அப்படியே அங்கே இருக்கிறது! அது தெரிந்த நாளில் தங்களை அழைத்துச் சொல்ல வேண்டும் என்று கை துடித்தது.

இனி அந்த மரத்துக்கு வருகிறேன். வாக்கியம் என்பது மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம் இல்லை. சிறு தொடர்கள் சேர்ந்து பெரிய தொடராகி, பெரியவை சேர்ந்து வாக்கியமாகின்றன. மரத்தின் ஒவ்வொரு கிளையும் அப்படி ஒரு சேர்க்கையைக் காட்டுகிறது. எங்கள் மலையிலேயே ஒரு சான்று உண்டு. 'பெரிய காப்பித் தோட்டக்காரர்' என்று ஒருவரைச் சொன்னால், பெரியது அவருடைய தோட்டமா, அவரா? 'பெரிய காப்பித் தோட்டம்' என்று முதலில் கட்டிக்கொண்டு 'காரர்' சேர்த்தால் ஒரு பொருள். 'காப்பித் தோட்டக்காரர்' என்று முதலில் கட்டிக்கொண்டு முன்னால் 'பெரிய' சேர்த்தால் வேறொரு பொருள். சொற்களும் வரிசையும் மாறவில்லை. கட்டிய முறைதான் மாறியது. மரம் வரைந்தால் இரண்டும் இரு வேறு படங்கள். 'மரவேலி' என்ற தொகை மரத்தாலான வேலியா, மரத்துக்கு இட்ட வேலியா என்று உரையாசிரியர்கள் விரித்துக் காட்டுவார்களே, அந்த நுட்பத்தைத்தான் இவர்கள் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஹி ஸ்டாப்ட் தி பாய் வித் எ ஸ்டிக்' என்றால் கம்பு யாரிடம் இருந்தது என்று தெரியாது. தமிழில் 'கம்பால் பையனை நிறுத்தினார்', 'கம்பு வைத்திருந்த பையனை நிறுத்தினார்' என்று உருபும் எச்சமும் வந்து ஐயத்தைத் தீர்த்துவிடும்.

எது தொடர், எது வெறுமனே பக்கத்தில் நிற்கும் சொற்கள் என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அந்தக் கூட்டத்துக்குப் பதிலாக ஒரே சொல்லை வைத்துப் பார்க்க வேண்டும். 'தி டால் மேன் இன் தி ப்ளூ ஷர்ட்' முழுவதற்கும் பதிலாக 'ஹி' வரும். 'மேன்' என்ற பெயரை மட்டும் எடுத்துவிட்டு 'தி டால் ஹி' என்று சொல்லிப் பாருங்கள், எந்த ஆங்கிலேயரும் ஏற்கமாட்டார். அப்படியானால் பெயருக்குப் பதிலாக வருவது பிரதிப்பெயர் என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரையறை தவறு. அது வருவது பெயர்த்தொடருக்குப் பதிலாக. ஓய்வு பெற்ற பிறகுதான் இதை உணர்ந்தேன். அன்று படித்த பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்படி ஒரு வரையறை இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், பள்ளி இலக்கணம் லத்தீன் அச்சில் வார்க்கப்பட்டதுதான். ராபர்ட் லவுத் 1762-இலும் லிண்ட்லி முர்ரே 1795-இலும் வெளியிட்ட இலக்கண நூல்கள் நெடுங்காலம் பள்ளிகளை ஆண்டன. 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்' என்று 'அட்' போன்ற முன்னிடைச்சொல்லை இறுதியில் விடுவது பேச்சு வழக்கில் இயல்பு, உயர்ந்த நடைக்கு முன்னால் வைப்பதே பொருத்தம் என்ற அளவில்தான் லவுத் சொன்னார். பின்வந்த பாடநூல்கள் அதைத் தடைச்சட்டமாகவே ஆக்கிவிட்டன. ஆங்கிலத்துக்கு லத்தீன் சட்டையை மாட்டியது போல, தமிழுக்கு வடமொழிச் சட்டையை மாட்டிய வீரசோழியம் என்ற இலக்கண நூலைப் பற்றித் தாங்கள் ஆசிரியர் அறையில் பலமுறை வாதிட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வகைக் கதை.

அந்தச் சட்டையைக் கழற்றி, கேட்கும் மொழியை அப்படியே பகுத்துப் பார்க்க வேண்டும் என்றவர்கள் அமெரிக்க அமைப்பியலார். லியோனார்ட் புளூம்ஃபீல்ட் 1933-இல் வெளியிட்ட நூலில், வாக்கியத்தை அண்மை உறுப்புகளாக இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போகும் முறை இருக்கிறது. பேத்தியின் மரத்துக்கு விதை அங்கே கிடக்கிறது. பாணினியின் இலக்கணத்தை அவர் வியந்து போற்றியவர் என்பது தங்களுக்கு மகிழ்ச்சி தரும்.

1957-இல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி எழுப்பிய கேள்வியோ வேறு. ஒரு மொழியில் இதுவரை யாரும் சொல்லாத வாக்கியத்தையும் நாம் சொல்கிறோம், கேட்டவுடன் புரிந்துகொள்கிறோம். எல்லையற்ற இந்த ஆற்றலை எந்த வரம்புக்குட்பட்ட விதிகள் தருகின்றன என்று அவர் கேட்டார். அவருடைய வாதங்களில் என் நெஞ்சைத் தொட்டது வினா வாக்கியம் பற்றியது. தமிழில் 'வந்தான்' என்பதோடு ஓர் ஆகாரம் சேர்த்தால் வினா. ஆங்கிலத்தில் துணைவினையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். 'தி பாய் ஹூ இஸ் ஸ்லீப்பிங் இஸ் மை சன்' என்பதில் இரண்டு 'இஸ்' இருக்கின்றன. எதை முன்னால் கொண்டுவருவது? முதலில் கண்ணில் படுவதை எடுத்தால் வாக்கியம் குலைந்துவிடும். இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால் முதல் 'இஸ்' எழுவாய்த் தொடருக்குள் அடைபட்ட சிறு வாக்கியத்துக்கு உரியது. விதி சொற்களை எண்ணிப் பார்ப்பதில்லை, அமைப்பைப் பார்க்கிறது. தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் குழந்தைக்கு இதை யாரும் உட்காரவைத்துக் கற்பிப்பதில்லை. ஆகவே இத்தகைய அமைப்பறிவு மனித இயல்பிலேயே இருக்க வேண்டும் என்பது சாம்ஸ்கியின் முடிவு. அந்த முடிவை மறுப்பவர்களும் அறிஞர்களிடையே பலர் உண்டு. நான் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி உடையவன் அல்லன். ஆயினும் விதி அமைப்பைத்தான் பார்க்கிறது என்ற கண்டுபிடிப்பு அசைக்க முடியாதது என்று கருதுகிறேன்.

தங்களுக்கு மிக நெருக்கமாக வருபவர் பிரான்சு நாட்டு மொழியியலாளர் லூசியன் தெனியேர். 1954-இல் அவர் மறைந்தார்; அவருடைய பெருநூல் 1959-இல்தான் அச்சேறியது. எழுவாய், பயனிலை என்று வாக்கியத்தை இரண்டாகப் பிளக்கும் பழக்கத்தை அவர் ஏற்கவில்லை. வினையே வாக்கியத்தின் உச்சி; அது ஒரு சிறு நாடகம்; செய்பவரும் செய்பொருளும் அதில் வரும் பாத்திரங்கள், காலமும் இடமும் அதன் சூழல் என்றார். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆறையும் தருவது வினை என்று பவணந்தியார் சொன்னதும், தொல்காப்பியர் தொழில் முதனிலைகளை எட்டாக வகுத்ததும் இதனோடு எவ்வளவு ஒட்டி நிற்கின்றன! எங்கள் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயன்படுவதும் இந்த வழிதான். 'ஸ்லீப்' என்ற வினைக்கு ஒருவர் போதும். 'ஈட்' என்பதில் இருவர். 'கிவ்' என்பதில் மூவர். 'புட்' என்றால் எங்கே வைத்தான் என்ற இடத்தையும் சொல்லியே ஆக வேண்டும். படம் பார்த்தாயா என்று கேட்டால் நாம் 'பார்த்தேன்' என்று நிறுத்திக்கொள்ளலாம், விகுதியே ஆளைக் காட்டிவிடும்; ஆங்கிலத்தில் 'ஐ சா இட்' என்று பார்த்தவரையும் பார்த்த பொருளையும் சொல்லித் தீர வேண்டும். மழை பெய்வதற்குக்கூட 'இட்' என்று பொருளற்ற ஓர் எழுவாயை அந்த மொழி கேட்கிறது.

மொழி எதற்குப் பயன்படுகிறது என்ற பக்கத்திலிருந்து இலக்கணத்தைக் கட்டிய ஹாலிடே என்ற மொழியியலாளரின் வழியும் உண்டு. பேத்தியின் பாடத்தில் அது வந்தால் அப்போது எழுதுகிறேன்.

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக, ஆங்கிலத் தொடரை நம் இலக்கணத்தின் கண்ணால் விளக்கும் சிறு கையேடு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். எழுவாய், பயனிலை, எச்சம், வேற்றுமை எல்லாம் தங்கள் வகுப்பிலிருந்து பிள்ளைகள் ஏற்கெனவே கொண்டுவரும் செல்வம். அதை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்லித்தான் நாங்கள் ஆங்கிலம் நடத்தினோம். இதுவரை மாம்பழக் கூடை வரை ஏழு பக்கங்கள் எழுதியிருக்கிறேன். 'தலைச்சொல்' என்று நான் வழங்கும் சொல் சரிதானா, அதைவிடப் பொருந்தும் பழஞ்சொல் நம் உரைகளில் இருக்கிறதா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். 'தொடர்' என்பதையே சிறு உறுப்புக்கும் முழு வாக்கியத்துக்கும் வழங்கினால் பிள்ளைகள் குழம்புவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. மருத்துவர் அனுமதித்ததும் பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு நாள் மலையேறி வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முழங்காலை நீட்டி உட்கார முன்னிருக்கை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பாடப் புத்தகத்தையும், மறக்காமல் தங்களிடமுள்ள தொல்காப்பியச் சேனாவரையர் உரையையும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
தங்கள் பழைய ஆங்கில ஆசிரிய நண்பன்