பரிசல்காரருக்குக் குடுக்கற காசு வீண் செலவுங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க சுற்றுலா பக்கத்துல மேட்டூர் டேம், பண்ணவாடி பக்கம் போய்ட்டு வந்த கட்டுரை படிச்சேன். போட்டோவெல்லாம் பிரமாதம். ஆனா கடைசியில ஒரு வரி, 'நீச்சல் தெரிஞ்சு மொபைல்ல மேப்பும் இருந்தா உள்ளூர் ஆளைக் கூட்டிட்டுப் போறது வீண் செலவு'ன்னு. அத எழுதுனவர் எங்க நீச்சல் பழகுனாரோ. நான் பழகுனது எங்க அப்பாறு தோட்டத்துக் கெணத்துல, மெதக்கறதுக்கு முதுகுல காஞ்ச சொரப்புருடை கட்டிக்கிட்டு. கெணத்துல எந்தப் பக்கம் போனாலும் செவுரு கைக்கு வந்துருமுங்க, டேம்ல அப்படி வராது.

உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றேன். 1934ல அணை கட்டி முடிச்சு தண்ணி தேக்குனதுல பழைய பண்ணவாடி முழுகிப் போச்சு, ஜலகண்டேஸ்வரர் கோயிலு, ஒரு சர்ச்சு எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்குது. 120 அடிக்கு நெம்பி நிக்கறப்ப ஒண்ணுந் தெரியாது, தண்ணி நல்லா எறங்குனா நந்தி தலைய நீட்டும், உடனே நீங்க எல்லாரும் ஓடியாந்து போட்டோ புடிப்பீங்க. வெளிய தெரியற நந்தியால ஒரு ஆபத்தும் இல்லீங்க. தண்ணிக்கு ஒரு சாண் கீழ நிக்குது பாருங்க, அன்னைக்குத்தான் ஆபத்து. உங்க மேப்புல ரெண்டு நாளும் ஒரே நீலம்தான்.

ஆறு வருசம் முன்ன ஒரு ஆனி மாசம் நானும் மச்சானும் ஆன்லைன்ல வாங்குன காத்தடிக்கற ரப்பர் படகத் தூக்கிட்டு அங்க போனோம் (யாருகிட்டயும் பர்மிஷன் வாங்கல, அது தனித் தப்பு). துறையில ஒரு பரிசல்காரர், "கூட வரட்டுங்களா, முன்னூறு குடுங்க போதும்"னாரு. மச்சான், "முன்னூறுக்கு மீன் வாங்கி வறுத்துத் திங்கலாம்"னான், நானும் சரீன்னு தலையாட்டுனேன். பதினோரு மணிக்கு மேல காத்து கெளம்புச்சு பாருங்க, கரைப் பக்கம் துடுப்புப் போடப் போட படகு நடுத் தண்ணிக்குப் போகுது. வழியில வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலு வரிசையா மெதந்துச்சு, எந்தப் பய குப்பை போட்டானோன்னு திட்டிக்கிட்டே நேரா அதுக்குள்ள உட்டோம். அது வலைக்குக் கட்டுன மெதப்பு. துடுப்பு மாட்டிக்கிச்சு, அத இழுத்துட்டு இருக்கறப்பவே படகு ஒதுங்கிப் போயி முழுகிக் கெடந்த வேல மரத்து மேல ஒக்காந்து, புஸ்ஸுன்னு ஒரு சத்தம்.

கத்துனோம். அதே பரிசல்காரர்தான் வந்தாரு. நேரா வந்தா நாலே நிமிசம், மனுசன் சுத்தி வளைச்சு வர்றாரு, எனக்கு அந்த பயத்துலயும் கோவம். கிட்ட வந்து சொல்றாரு, "நேரா வந்தா முள்ளுக் கட்டைங்க, பரிசல் அடி கிழிஞ்சுதுன்னா மூணு பேருமா போயி நந்தியக் கும்புட வேண்டியதுதான்". அப்புறம் துடுப்ப செங்குத்தா தண்ணிக்குள்ள குத்திப் பார்த்துட்டு, "இது பழைய வரப்பு மேடு, எறங்கி நில்லுங்க, இடுப்பளவுதான். அக்கட்டால ரெண்டு எட்டு வெச்சுராதீங்க, ஆளு முழுகிரும்"னாரு. நான் அந்த எடத்துல நின்னுக்கிட்டு போனப் பார்த்தேன், மேப்புல எங்க புள்ளி நல்லா பளபளன்னு மின்னிட்டு இருந்துது. கரைக்கு வந்து ஐநூறு நீட்டுனேன், இருநூற திருப்பிக் குடுத்துட்டாரு. சொன்ன காசு முன்னூறாம்.

இதத்தான் நீங்க வீண் செலவுன்னு அச்சடிச்சிருக்கீங்க.

சில எடத்துல ஆளப் பார்த்து ரேட்டு சொல்றாங்க, இல்லீன்னு சொல்லல. ஆனா பில்லூர் டேம் பக்கம் பரளிக்காட்டுல வனத்துறை பரிசல் சவாரி உடறாங்களே, அங்கயும் கூட வர்றது அந்தக் காட்டு சனங்கதானுங்க. அத ரெண்டு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதுனதும் நீங்கதான். டிக்கெட்டு கிழிச்சுக் குடுத்தா அனுபவம், தோள்ல துண்டு போட்ட மனுசன் வாய் தொறந்து கேட்டா வீண் செலவுங்களா?

இன்னொண்ணு, காவேரிக் கரையில இருக்கற பூலாம்பட்டிய எப்பப் பார்த்தாலும் 'குட்டி கேரளா'ன்னு போடறீங்க, எங்க காவேரிக்கு சொந்தமா ஒரு பேரு இல்லீங்களா. அங்க தண்ணி நிக்கறதே நெருஞ்சிப்பேட்டை கதவணையாலதான், பராமரிப்புக்குத் தொறந்து உட்டுட்டா படகே ஓடாது, நம்பி வந்தவங்க வெறும் பாறையப் பார்த்துட்டுப் போறாங்க. அத ஒரு வரி எழுதுனீங்களா? அமராவதி டேம்ல தண்ணிக்குள்ள காலத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கற போட்டோ போட்டப்பவும் நான் எழுதுனேன், ஏனுங்க, அது முதலை இருக்கற தண்ணி, பக்கத்துலயே முதலைப் பண்ணை இருக்குதுன்னு. கடிதத்தப் போட்டீங்க. ஆனா முதலைய வெட்டிட்டு 'கட்டுரை அருமை'ன்னு என் பேர்ல மூணே வரி. எங்க ஊட்டுல இன்னைக்கும் சிரிக்கறாங்க.

பெருசா ஒண்ணும் கேக்கலீங்க. தண்ணியில எறங்கறதுக்கு முன்ன துறையில இருக்கறவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, ஆள் வந்தா கூட்டிட்டுப் போங்கன்னு அடுத்த இதழ்ல ஒரு வரி போடுங்க, போதும். எடம் பத்தலைன்னா அந்தக் குட்டி கேரளா போட்டோவக் கொஞ்சம் சின்னதாக்கிக்கலாம். முதலைய மட்டும் இந்தத் தடவையும் வெட்டிராதீங்க.

இப்படிக்கு,
பவானியிலிருந்து உங்க பழைய வாசகன்